பதினொரு பேருக்கு ஒரு கதவு

இல்-பிசார்
மாசி 12

மதிப்புக்குரிய சிவராசா அண்ணைக்கு,

நானும் செல்வமலரும் நலம். என் சலப்பை மட்டும் நலமில்லை. உங்கள் உறுப்புகள் யாவும் ஒழுங்காக இயங்க முருகனை வேண்டுகிறேன். பக்கத்தில் ரொக்ஸ்பரோவில் இருக்கிறவருக்கு ஏன் தபாலில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். மருமகள் இருக்கிற வீட்டில் இதைப் போனில் கதைக்க முடியாது.

மூன்று குளியலறை உள்ள வீட்டில் இருந்துகொண்டு நாளுக்குப் பதினைந்து தரம் சிறுநீர் கழிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்தேன். டொக்டர் படம் கீறி விளக்கினார். சலப்பைத் தசையில் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றனவாம், அவற்றால் பொட்டாசியம் வெளியே போனால் தசை சாந்தமாகுமாம், வாசல் திறக்காவிட்டால் அரைக் கோப்பைச் சலத்துக்கே பை இறுகி நரம்பு மூளைக்கு முறைப்பாடு அனுப்புமாம், இந்தக் குளிசை வாசலைத் திறந்து வைக்குமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரேயொரு குளியலறை இருந்த கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் நாங்கள் பதினொரு பேர் முட்டிக்கொண்டு கிடந்தோமே, நாலு பேர் வேலைக்கு வெளிக்கிட்டால்தானே மிச்சப் பேருக்குக் கோபம் ஆறும்.

குளிசை தொடங்க முதல் மூன்று நாள், எத்தனை மணிக்குப் போகிறேன் என்று கொப்பியில் குறிக்கச் சொன்னார்கள். மணியை எழுதியதும் பேனை நிற்கவில்லை, அண்ணை, அந்த வீட்டுக் கதையெல்லாம் எழுதியது. 9.40: வரிசையில் நின்றபடியே எல்லோரும் சவரம் செய்தது. 10.30: கிருஷ்ணகுமார் குளியலறைக்குள் இருந்து பாட, வெளியே நாங்கள் கதவில் தாளம் போட்டது. தமிழ்த் தாதி ஆர்த்திகா இதை டொக்டருக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாள். சிரித்துச் சிரித்து வாசித்த பிள்ளை ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

எண்பத்தெட்டு மார்கழி. அம்மா செத்துப்போன செய்தியோடு கடிதம் வந்த நாள். அந்த வீட்டில் பூட்டு இருந்த கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் அழுதேன். வெளியே கதவு அதிர்ந்தது. அப்போது ஒரு குரல், "அவனை விடுங்கோ. வயிறு சரியில்லையாம். அடக்க ஏலாத ஆக்கள் மூலைக் கடைக்குப் போங்கோ" என்றது. ஒவ்வொருவராகச் சப்பாத்து மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கியது கேட்டது. அது நீங்கள்தான், அண்ணை. நான் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

"அங்கிள், அவருக்கு நீங்கள் தாங்க்ஸ் சொல்லேல்லையா?" என்று ஆர்த்திகா கேட்டாள். இனி மணியை மட்டும் எழுதச் சொன்னார் டொக்டர்.

இப்போது குளிசை வேலை செய்கிறது. ஐந்தாறு தரம்தான். கொப்பியில் எழுத ஒன்றுமில்லாதது கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. முப்பத்தேழு வருடம் பிந்திய நன்றியை ஏற்றுக்கொண்டு, வாற ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். செல்வமலர் கூழ் காய்ச்சுகிறாள்.

உங்கள் பேரப்பிள்ளைகள் அடக்கமும் ஆரோக்கியமுமாய் வளர வாழ்த்தும்,
தம்பி சிவநேசம்

பி.கு.: கிருஷ்ணகுமாரையும் கூப்பிடுவம் என்று இப்பத்தான் போன் எடுத்தேன். அன்று கதவடியில் நின்று எல்லோரையும் மறித்தது அவன்தானாம். உடைக்கிற மாதிரி அடித்தது நீங்களாம், கடைக்கு முதல் ஓடினதும் நீங்களாம். அவன் பொய் சொல்லமாட்டான். ஆனால் உறையில் முத்திரை ஒட்டியாகிவிட்டது. பரவாயில்லை, வாங்கோ அண்ணை. அண்டைக்கு உங்களுக்கும் சலப்பை முட்டித்தானே இருந்திருக்கும்.