சாமிகள் சாமிகளுக்கு எழுதிய ராஜினாமா

ஸ்ரீவைகுண்டம்,
18-6-1996

சிரஞ்சீவி மருமகன் குருபிரசாத்துக்குத் தாய்மாமன் குமரகுருபரன் எழுதிக்கொள்வது. உனக்கும் சித்ரலேகாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் கைலாசநாதர் பார்த்துக்கொள்வார். நான் நேரிலேயே போய்ச் சொல்லியிருக்கிறேன். இங்கே அணையில் தண்ணீர் குறைவு, வாழைக்குக் காற்றுப் பயம், உன் சங்கரி அத்தைக்கு என்மேல் கோபம். மற்றபடி சுகம்.

மடத்தில் இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் தைப்பூசத்தன்றே சொன்னேன். தேரடியில் நாற்பது பேர் நடுவில் சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் பேச்சு என்று ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்த எட்டாம் வகுப்பில் நான் எழுதிய விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத்தான் வெள்ளைக்காரக் கலெக்டர் நம் தெருவுக்கு விளக்குப் போட்டான் என்பது உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

உன் பெரிய மாமா, அதாவது உன் அம்மாவுக்கும் எனக்கும் மூத்தவர், ஆறுமுகநயினார் என்ற பெயரை விட்டு ஆற்றங்கரை மடத்தில் காவி வாங்கி ஐம்பத்தெட்டு வருஷம். அதில் மடத்துத் தலைவராக, பெரிய பட்டமாக, நாற்பத்துநாலு வருஷம். வயது எண்பத்திரண்டு. ஞாபகம் கரைந்துகொண்டே வருகிறது. காலைப் பூஜையை முடித்து வந்து உட்கார்ந்த மறுநிமிஷமே, "பூஜைக்கு நேரமாச்சுல்லா?" என்று எழுந்துவிடுகிறார்கள். போன மாதம் ரிஜிஸ்டர் தபாலில் கையெழுத்து வாங்க வந்த போஸ்ட்மேன் ஐயம்பெருமாளை உட்காரவைத்து, காதில் மந்திரம் சொல்லி, கழுத்தில் ருத்திராட்சம் கட்டி, தீட்சையே கொடுத்துவிட்டார்கள். அவன் அன்றோடு கறி மீனை விட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்டாட்டி இசக்கியம்மா குழம்புச் சட்டியோடு மடத்து வாசலில் வந்து நின்றாள். "ஏ சாமி, தபாலு கொடுக்க வந்த மனுசனுக்கு இப்பிடியா செய்வீக? ஆக்கின நெத்திலியை இப்பம் யாரு திங்க, நீங்களா?" என்று கேட்டாள். சாமிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவளையும் தீட்சைக்கு உட்காரச் சொன்னார்கள்.

அதன்பிறகு ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பட்டம் என்பது சமாதியில்தான் இறங்கும், உயிரோடு இறங்கினதாக மடத்துச் சரித்திரத்திலேயே இல்லை என்கிறது ஒரு கட்சி. தள்ளாத மனுஷரை வைத்து ஏன் வதைக்கிறீர்கள் என்கிறது இன்னொரு கட்சி. அடுத்து வரவேண்டியவர் இளைய பட்டம். அந்த இளையவருக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்துநாலு வருஷமாக இளையவராகவே இருக்கிறார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல வே. முழங்காலுக்குத்தான் அவசரம். அது மூணு படி ஏறுத நிலையில இருக்கும்போதே பீடத்துல ஏறிட்டா நல்லது" என்று என்னிடம் சொன்னார்.

ஒருவருக்கும் வழி தெரியாமல் கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள். மடத்து நிர்வாகத்தைப் பார்க்கிற காறுபாறு பிள்ளை வீடு தேடி வந்து, "அண்ணாச்சி, நீங்க சொன்னாத்தான் சாமிகள் கேப்பாக" என்றார். பட்டம் இறங்கினால் சாமிகள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டேன். "மடத்துல இருக்க முடியாதுல்லா? ரெண்டு பெரிய பட்டம் இருந்தா பாதபூஜைக்கு வாரவன் எந்தக் காலைக் கழுவுவான்?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "என் வீடு எதுக்கு வே இருக்கு?" என்று சொல்லிவிட்டேன். அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வார்த்தை தானாக வரும்.

உள்ளேயிருந்து உன் அத்தைக்கும் வார்த்தை தானாக வந்தது. அண்ணன் காவி வாங்கிய அன்று, நம் குடும்ப வழக்கப்படி, செத்துப்போனவருக்குச் செய்வதைச் செய்து வீட்டோடு ஆற்றில் தலைமுழுகினோம். எனக்கு அப்போது எட்டு வயது. "ஒருத்தர் போனா தலைமுழுகுவாக, சரி. திரும்பி வந்தா என்ன செய்யணும்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? ரேஷன் கார்டுல எங்கன எழுதுவீக? முதல்ல, அவுகளை யாரு பாக்குறது? உங்க வேட்டியவே நாந்தான் தேடிக் குடுக்கேன்" என்றாள்.

விண்ணப்பம் நான்தான் எழுதினேன். மடத்தை விட்டு யார் போவதானாலும், சமையல்காரராகவே இருந்தாலும், பெரிய பட்டத்தின் கைப்பட உத்தரவு வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே சாமிகளின் ராஜினாமாவும் சாமிகளுக்கே போகவேண்டியதாகிவிட்டது. "பெரிய பட்டம் சாமிகள் சமுகத்துக்கு: அடியேனுக்கு வயதாகிவிட்டது. பூஜை தப்புகிறது. பட்டத்தை விட்டு இறங்கி மிச்ச நாளைத் தம்பி வீட்டில் கழிக்க உத்தரவு வேண்டும்" என்று முத்து முத்தாக எழுதினேன். காறுபாறு படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

போன வெள்ளிக்கிழமை காலை, கூட இருக்கிறவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, நான் மட்டும் தாளோடு சாமிகள் அறைக்குள் போனேன். சாமிகளுக்கு என்னை யாரென்று தெரியவில்லை. விண்ணப்பம் கொண்டுவந்த யாரோ என்று நினைத்துவிட்டார்கள். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவம், யாரு இந்தப் பெரியவர்? இத்தனை வருசம் இருந்துட்டு எங்கன போவார்? தம்பி வீடெல்லாம் சரிப்படுமா?" என்று என்னையே கேட்டார்கள். பிறகு பச்சை மையில், "உத்தரவு இல்லை. இவருக்குப் போக இடமில்லை" என்று எழுதி முத்திரையும் வைத்துவிட்டார்கள். தாளை வெளியே கொண்டுவந்து காட்டினேன். காறுபாறு சுவரில் சாய்ந்துவிட்டார். இளையவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பெரிய பட்டத்தின் உத்தரவை மாற்ற அவருக்கு மேலே ஆள் கிடையாது.

ஆக, காரியம் முடிந்தது, எந்தப் பக்கமும் விடியாமல் முடிந்தது. பூஜை தப்பிக்கொண்டே இருக்கும், சாமிகள் தேய்ந்துகொண்டே இருப்பார்கள், நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. நீ லீவு போட்டு வரவேண்டியதில்லை. வந்து செய்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை.

சித்ரலேகாவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் தலையில் என் பேரைச் சொல்லித் திருநீறு பூசிவிடு. எல்லோரும் நூறு வருஷம் ஞாபகத்தோடு இருங்கள்.

இப்படிக்கு ஆசியுடன்,
மாமா குமரகுருபரன்

பின்குறிப்பு: தபால்பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒன்றே ஒன்று நான் கட்டிச் சொன்னது. சாமிகளுக்கு என்னைத் தெரிந்தது. தாளைப் படித்துவிட்டுச் சிரித்து, "நல்லா எழுதிருக்கலே குமரா" என்றார்கள். பச்சை மையில் "உத்தரவு" என்று மட்டும் எழுதி முத்திரை வைத்தார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற "இல்லை"யும் மிச்சமும், கதவைத் தாண்டும் முன் அதே பேனாவால் நான் எழுதியது. உன் அத்தையைக் குறை சொல்லாதே. அவள் வியாழக்கிழமையே பின்கட்டு அறையைக் கழுவிக் கட்டில் போட்டுவிட்டாள், கோபம் அதனால்தான். பெரிய பட்டத்தின் தம்பி என்று வண்ணார்பேட்டை பஸ்ஸில்கூட எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். வெறும் கிழவர் ஒருவரின் தம்பியாக எப்படி நடமாடுவது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது, குருபிரசாத். லீவு கிடைக்காவிட்டாலும் புறப்பட்டு வா. நான் தனியாகப் போய் அவர் முகத்தில் விழிக்க மாட்டேன். அன்று எழுத்து முடிந்ததும் சாமிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டி வெளியிலயா நிக்கி?" என்று கேட்டார்கள். "இந்தா, வண்டியக் கூட்டியாறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அந்தப் பக்கமாகப் போகும்போது தூரத்திலிருந்து பார்த்தேன். மடத்து வாசல் நடையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.