சரிசமத்தின் காற்றாடியும் பத்துப் பொருத்தமும்

'கிட்டத்தட்ட' என்ற சொல்லையே உலகத்திலிருந்து ஒழித்துக்கட்ட ஒருவன் பிறந்தான் என்றால், அது எங்கள் எஸ்டேட் சரிசமம்தான். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சம்பளக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, அவன் பேக்டரியில் எலக்ட்ரானிக் வேலை பார்த்தான். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் எனக்கு ஞாபகம் வரும். 'சரிசமமா இருக்கா?' என்று கேட்டுக் கேட்டே இந்தப் பெயரைச் சம்பாதித்தவன்.

சாப்பாட்டுக் கடையில் இரண்டு தோசையும் ஒரே அளவில் இல்லையென்றால், பெரியதன் ஓரத்தைப் பிய்த்துச் சரிசெய்த பிறகுதான் சாப்பிடுவான். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் போச்சு. ஒருமுறை மழைக்கு ஒதுங்கிவிட்டு அவன் வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். ஜன்னலில் தலையை நீட்டினான்.

"கிராணியண்ணே, பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னவரு வேற ஆளு. நீங்க யாருன்னு தெரியல லா."

அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான்.

இப்படிப்பட்டவன் மெஷின் செய்தால் எப்படி இருக்கும்? பறித்த கொழுந்தை நீளமான தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியால் காற்றடித்து வாட்டுவார்கள். நூறு கிலோ இலை எழுபது கிலோவாக வற்றியதும் காற்றை நிறுத்த வேண்டும். அதுவரை டீமேக்கர் மாணிக்கம்தான் இலையைக் கையில் பிடித்துப் பார்த்து, "போதும், அமத்து" என்பார். தேயிலைப் பக்குவத்தில் அவர் வைத்ததே சட்டம். அந்த வேலைக்கு நம்மவன் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை செய்து, ஒரு பெட்டிக்குள் வைத்தான். அது தொட்டியின் எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, நூறுக்கு எழுபது, அதாவது 0.7 வந்ததும் காற்றாடியைத் தானே நிறுத்திவிடும்.

நிறுத்தியது, சில நாட்கள். மற்ற நாட்களில் திரையில் 0.70 என்று அழகாகக் காட்டிவிட்டு, காற்றாடியை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். இலை அப்பளமாகிவிடும். தோட்டத்து மேனேஜர் துரை வந்து பார்த்தால் மட்டும், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக நிற்கும். துரை கார் ஏறியதும் பழைய குணம்.

சரிசமம் சந்தேகப்படாத ஆள் இல்லை. பனி உள்ளே போகிறது என்று பெட்டிக்கு மழைக்கோட்டு மாட்டினான். பக்கத்து லைன் வீட்டுக் கரோக்கேதான் காரணம் என்று சண்டைக்குப் போய், இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வந்தான். வயரை மாற்றினான், சென்சாரை மாற்றினான். பேக்டரி அக்காமார்கள் பெட்டிக்கு விபூதி பூசினார்கள். அதையும் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவில் பூசச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு. அவனுக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினை. காரணம், டீமேக்கரின் மகள் செல்வி. பக்கத்து ஊர் தானா ராத்தாவில் மருந்துக் கடையில் வேலை. இவனுக்கு அவள்மேல் உயிர், அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. டீமேக்கர் ஒரே போடாகப் போட்டார்.

"என் எலையக் கருக்குறவனுக்கா என் பொண்ணு? சனிக்கெழம ஜாதகம் பாப்போம். அன்னிக்கும் அந்தப் பொட்டி சொதப்புச்சுன்னா, பொட்டியும் வேணாம், மாப்பிள்ளையும் வேணாம்."

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக என்னை அழைத்துப் போனான். ஜோசியர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "பத்துப் பொருத்தத்துல ஏழு சேருது. தாராளமா செய்யலாம்" என்றார். வீடே சிரித்தது. சரிசமம் மட்டும் கையைத் தூக்கினான்.

"மூணு சேரலையே சாமி. அப்ப அது பொருத்தம்னு எப்படிச் சொல்றது?"

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். "வாய மூடுடா, இது ஒன் கல்யாணம் லா!"

"இல்லண்ணே, சரிசமமா இல்லையே..."

டீமேக்கர் எழுந்துவிட்டார். வந்துகொண்டிருந்த கேசரித் தட்டு பாதி வழியில் திரும்பிப் போனது. அப்போதுதான் செல்வி சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"பத்தும் சேந்தாத்தான் கட்டுவீங்களோ? அப்ப ஒங்க காத்தாடி மாதிரி நிக்காம ஓடிக்கிட்டே இருங்க. எனக்கு ஏழு போதும். கிட்டத்தட்ட சேந்தா சேந்ததுதான் லா!"

சரிசமம் துள்ளி எழுந்தான். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

"மாப்பிள்ள ஓடிட்டாரு!" என்று ஜோசியர் கத்த, எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். பேக்டரியில் அவன் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கிராணியண்ணே, நான் மெஷின்கிட்ட பத்துப் பொருத்தம் கேட்டிருக்கேன்! தெரையில 0.70. உள்ள 0.69999. புள்ளி வச்ச எண்ணு எல்லாம் அதுக்குள்ள முழுசா அடங்காது. 'சரிசமமா இருந்தா நில்லு'ன்னு எழுதிட்டேன். துளி வித்தியாசம்னாலும் 'நான் கேட்டது இது இல்ல'ன்னு ஓடுது!"

அதை அழித்துவிட்டு, 'கிட்டத்தில் வந்தாலும் நில், தாண்டிப் போனாலும் நில்' என்று மாற்றினான். அன்றைய இலை தொட்டியில் வாடிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். 0.72, 0.71. செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். 0.70 வந்தது. காற்றாடி நின்றது.

டீமேக்கர் ஒரு பிடி இலையை அள்ளி அமுக்கினார். உதிராமல் பிடித்த பிடியிலேயே உருண்டையாக நின்றது, சரியான பக்குவம்.

"கேசரிய எடுத்துட்டு வாங்க" என்றார்.

இப்போது நான் ஈப்போவில் இருக்கிறேன். போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். பத்து மணிக்கு ரிங்லெட்டில் இறங்குகிறேன் என்று சொல்லியிருந்தேன். தாப்பா ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, போனும் செத்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது, நல்ல மழை. அந்த மழையிலும் அவன் குடையோடு காத்துக்கொண்டு நின்றான். நான் வாய் திறப்பதற்குள் பையை வாங்கிக்கொண்டான்.

"கிட்டத்தட்ட பத்துதாண்ணே."

ஒரே குடையில் நடந்தோம். குடை மட்டும் சரிசமமாக இல்லை, முக்கால்வாசி என் பக்கமே சாய்ந்திருந்தது.