சாம்பிராணி காட்டிய பெட்டி

சாம்பிராணிப் புகை விலகியதும் தெய்வசிகாமணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான கொசுக்கள் எள்ளைக் கொட்டியதுபோல அசையாமல் கிடந்தன.

"சரிதா! ஓடியா! எல்லாம் செத்துப்போச்சு!"

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "கொசுவுக்குப் போய் யாராவது சாம்பிராணி போடுவாங்களா?"

"நல்ல காரியமாச்சே, சாமி கும்பிடாம ஆரம்பிக்கக் கூடாதேன்னு..."

மூலக்குளத்தில் அவர்கள் தெருவுக்கு அன்று திருவிழா. கோலம், தோரணம், மேளம்! கொசு ஒழிப்புக்காக ஆண் கொசுக்களை விடும் சோதனையில் தங்கள் தெருவையும் சேர்க்கச் சொல்லி நடையாய் நடந்தவர் அவர்தான். அந்த ஆண் கொசு கடிக்காது; அதோடு சேரும் பெண் கொசு இடும் முட்டை பொரியாது. போன மழையில் மகள் அபி டெங்குவில் விழுந்து பிழைத்ததிலிருந்து அவருக்கு இதே நினைப்பு.

காலையில் களப்பணியாளர் செந்தமிழ்ச்செல்வி, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்து, "அதிகாரி வர்ற வரைக்கும் சில்லுன்னே இருக்கட்டும் சார். திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"சில்லுன்னு இருக்கணும்னாளே! புகைச் சூடு பட்டுடுச்சு போல. ஃபிரிட்ஜைத் திற!"

தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவே கொசுக்கள் குடியேறின. சற்று நேரம் கழித்துப் பார்த்தால், உள்ளே வைக்கும்போது லேசாகக் காலாட்டிய ஒன்றிரண்டும் இப்போது ஆட்டவில்லை.

"குப்பையில கொட்டிடுங்க" என்றாள் சரிதா.

அவருக்கு மனசு வரவில்லை. "நம்ம புள்ளைங்களைக் காப்பாத்த வந்த ஜீவன்டி." முற்றத்தில் இளவெயில் விழும் துளசித் தொட்டி அடியில் வாழையிலை விரித்து, அவற்றைப் பூப்போலச் சாய்த்தார். பக்கத்தில் ஒரு விளக்கு ஏற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வெளியே மேளம் வலுத்தது.

"காலிப் பெட்டியையா நீட்டப் போறீங்க?"

"இன்னிக்கு விட்டா இந்தத் தெருவுக்கு மறுபடி கிடைக்காது சரிதா. பின்னாடி தண்ணி டிரம்முல கொசு இருக்கில்ல?"

"அது மட்டும் நம்ம ஊட்டுல குறைச்சலே இல்ல."

டிரம்மின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, பிடித்ததையெல்லாம் ஐஸ் உருகிப்போயிருந்த பெட்டிக்குள் உதறினார். எல்லாம் சுறுசுறுப்பாகப் பறந்தன. அவருக்குப் போன உயிர் திரும்பியது.

அதிகாரி விஜயராகவன் வந்து ரிப்பன் வெட்டினார். "யாரும் பயப்படாதீங்க! ஆண் கொசு கடிக்காது. இதோ பாருங்க!" என்று சட்டைக் கையைச் சுருட்டி, பெட்டிக்குள் விட்டார்.

விட்ட வேகத்தில் எடுத்தார். பளார், பளார் என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டார்.

"என்னா சார்," என்றாள் அடுத்த வீட்டு ராஜாம்பாள், "கடிக்காதுன்னீங்க, முத்தமா குடுக்குது? ஊர்ல இருக்கிற கொசு பத்தாதுன்னு மேளம் வேறயா!" விருட்டென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள். தெருவே சிரித்தது.

அதிகாரி செந்தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினார். "பொட்டைக் கொசுவைக் கலந்து கொண்டாந்திருக்கியே! இதான் நீ வேலை பாக்குற லட்சணமா? இந்தத் தெருவை விடு, வேற தெரு பாத்துக்கலாம்."

அவள் கண் நிறைந்துவிட்டது.

தெய்வசிகாமணி பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு அவரால் சும்மா நிற்க முடியவில்லை. கைகூப்பினார்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க சார். தப்பு என்னுது." சாம்பிராணி, ஃபிரிட்ஜ், வேட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்போ எங்க கொசு எங்கே?" அதிகாரியின் குரல் கீச்சிட்டது.

"துளசி அடியில... அடக்கம் பண்ணிட்டேன் சார்."

"ஐயோ சார், சில்லுன்னு இருந்தா கொசு மயங்கித்தானே கிடக்கும்!" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

அப்போது ராஜாம்பாள் தலைவிரிகோலமாக வாசலுக்கு ஓடிவந்தாள்.

"யோவ் தெய்வசிகாமணி! உன் துளசித் தொட்டியிலேர்ந்து கொசு கூட்டங்கூட்டமா எழுந்து எங்க ஊட்டுக்கு வருதுய்யா! இவ்ளோ நேரம் நடுவுல நின்னேன், ஒண்ணுகூடக் கடிக்கலியே, இது என்னாய்யா கொசு?"