மூக்கு கம்பவுண்டர் போட்ட காவல்

ஜவ்வாது மலையில் யாரையும் முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஊர் அரசு மருந்தகத்து கம்பவுண்டர்தான். “போன மாசம் வலது பக்கம் அடச்சிகினு வந்தீங்களே, நீங்கதானே?” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். ஊர் அவருக்கு மூக்கு கம்பவுண்டர் என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே பள்ளி ஆசிரியர். சளி என்று போனால் ஊசி போடமாட்டார், பாடம் நடத்துவார். “இந்த வைரஸால தனியா பெருகவே முடியாது சார். நம்ம மூக்குல இருக்கற செல்லுக்குள்ள பூந்து, அத வேல வாங்கித்தான் ஆயிரமா ஆவும். அடுத்த மூக்கு கெடைக்கலன்னா அதோட கத முடிஞ்சிது.” பத்து மைல் நடந்து வந்து ஊசி இல்லாமல் திரும்பியவர்கள் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. நானும் கேலி செய்தவன்தான்.

ஒரு மார்கழியில் என் மகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் மலை இறக்கினால் தாங்கமாட்டாள் என்றார் வாரம் ஒருமுறை வரும் டாக்டர். சளி பிடித்தாலும் தாங்கமாட்டாளாம். ஊரிலோ அப்போது ஒழுகாத மூக்கே இல்லை. பிறந்த பிள்ளையைத் தூக்கிப் பார்க்காமல் விடுகிற ஊரும் அல்ல அது. அன்று சாயங்காலமே கம்பவுண்டரிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலையில் கம்பவுண்டர் இருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலும் டார்ச் லைட்டுமாக என் வாசலை அடைத்து உட்கார்ந்தார். முதலில் மாட்டியவர் கோழியோடு வந்த ஊர்க் கவுண்டர்.

“மூக்கக் காட்டுங்க.”

“இன்னாய்யா இது! கொழந்தயப் பாக்க வந்தா நீ என் மூக்கப் பாக்கற?”

“உள்ள தண்ணி நிக்குது. போய்ட்டு அடுத்த மாசம் வாங்க.”

“அப்ப கோழி?”

“கோழி போலாம். இந்தக் கிருமிக்கு மனுச மூக்குதான் வேணும்.”

பஞ்சாயத்தில் எல்லோரையும் உட்கார வைக்கும் கவுண்டர் திரும்பி நடந்தார். கோழி ராஜநடையில் உள்ளே போனது. நான் சிரித்த சிரிப்பில் தும்மல் வந்துவிட்டது.

“சார், வெளிய!”

“இது என் வூடுங்க!”

“கிருமியும் அதத்தான் சொல்லும்.”

பத்து நாள் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்தேன். மகளின் அழுகை தூரத்தில் கேட்கும்போதெல்லாம் அவரைச் சபித்தேன். உள்ளே என் மனைவியும் அவள் அக்காவும் மட்டும். ஒரு நாளைக்கு இருபது மூக்கு திரும்பிப் போனது. குழந்தை மட்டும் ஒரு தும்மல்கூடப் போடாமல் தேறிக்கொண்டே வந்தாள்.

நாற்பதாம் நாள் டாக்டர் தூக்கிப் பார்த்து, இனி பயமில்லை என்றார். என் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து கம்பவுண்டரிடம் நீட்டினாள். அவரும் ஆசையாகக் கை நீட்டினார். சட்டென்று முகம் கோணியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓடினார் பாருங்கள், தெருக்கோடிப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் தும்மினார்.

“அங்கயே தூக்கிக் காட்டுங்க சார்!” என்று கத்தினார். தூக்கிக் காட்டினேன். மூக்கைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

அந்தச் சளி விடுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்து, ஒடுகத்தூர் பஸ் ஏறி மலையிறங்கிப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை. என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த ஊரில் அவளைத் தூக்கிக் கொஞ்சாமல் போன ஒரே மனிதர் அவர்தான். அவளை உயிரோடு என் கையில் கொடுத்தவரும் அவர்தான்.