நைனா வாங்கிய வேட்டை பூட்ஸ்

சித்தூர்,
நவம்பர் முதல் வாரம், மழை விட்ட ஒரு மத்தியானம்.

அன்பும் மதிப்பும் மிக்க கிளாட்வின் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் கேசியா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நைனாவும் சுகம். நைனாவின் இடது முழங்கால் மட்டும் இன்னும் அந்தக் கிருபைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க, அம்மா தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரையும் உங்கள் ஊர் வெப்பநிலையையும் சேர்த்தே சொல்கிறார். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்காக வேலை மெனக்கெட்டுத் தபால்தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போன் என்பது சாப்பாட்டு மேசையின் நடுவில், ஊறுகாய் பாட்டில்மேல் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டு வைக்கப்படும் பொருள். அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அம்மா துணி காயப்போட வந்துவிடுவார், மழை கொட்டினாலும் வருவார். ஆகவே கடிதம். தயவு செய்து இதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன். அது உங்கள் மானத்தை லேசாகத் தொடும்.

எனக்கு வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் வரையுள்ள ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் மழைக்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளை எண்ணி எழுதுகிற வேலை. நான் படித்ததும் எனக்குப் பிடித்ததும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்வது இதுதான் முதல் முறை, இன்னொரு முறை சந்திக்குமா என்று சொல்ல முடியாது. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதற்குமே வேண்டாம் என்று சொன்னதில்லை. "தாராளமா போம்மா" என்பார். அதற்குப் பின்னால் ஓர் 'ஆனா' வரும். அந்த 'ஆனா'வில் ஏறி இறங்குவதற்குள் ஆசைப்பட்டவருக்கே ஆசை விட்டுப்போகும். அம்மா குக்கர் கேட்டது ஒரு மழைக்காலத்தில், குக்கர் வந்தது அடுத்த மாம்பழக் காலத்தில். நடுவில் உலகத்தில் எந்தெந்தக் குக்கர் எப்படியெப்படி வெடித்தது என்பதை நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். என் விஷயத்தில் வந்த 'ஆனா' இது: "ஆனா பாம்புப் பல்லு எறங்காத, தண்ணி பூராத பூட்ஸ் இருந்தாத்தான் ஏரிக்குள்ள கால வெக்கணும்."

நான் சிரிக்கவில்லை, மாமா. ஆஸ்பத்திரி மருந்து கவுண்டருக்குப் பின்னால் இத்தனை வருஷம் நின்றவர் அவர். கணுக்காலுக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் தூக்கி வரப்பட்ட கால்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் பள்ளிக்கூட ஷூவைத் தலைகீழாகத் தட்டிப் பார்ப்பார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், தட்டிப் பார்ப்பது ஓய்வு பெறவில்லை.

ஆனால் எந்த பூட்ஸ் என்று முடிவானது உங்களால்தான். இரண்டு வருஷத்துக்கு முன் குழுவில் நீங்கள் போட்ட அந்தப் படத்தைச் சொல்கிறேன். சேற்று நிலத்தில், முழங்காலைத் தொடும் பூட்ஸோடு, கையில் ஒரு வாத்தைத் தூக்கிப் பிடித்து, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வேலை வந்ததும் நைனா அதைத் தேடி எடுத்துப் பெரிதாக்கி, உங்கள் முகத்தை விட்டுவிட்டு, காலை மட்டும் வெகுநேரம் பார்த்தார். "கிளாட்வின் போட்டுக்கினு இருக்கறான் பாரு, அது பூட்ஸு. மத்ததெல்லாம் செருப்பு" என்றார். அன்றிலிருந்து யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வீட்டில் ஒருவராகிவிட்டார். அவர் ஓடையில் நின்றபடியே பேசுவார். தோலா ரப்பரா, அடித்தட்டு எத்தனை பல், மைனஸ் முப்பது டிகிரி வரை கால் விறைக்காமல் இருக்க உள்ளே என்ன பஞ்சு என்றெல்லாம் விளக்குவார். மைனஸ் முப்பது தாங்குவதைத்தான் வாங்க வேண்டும் என்று நைனா தீர்மானித்தார். "சித்தூர்ல மைனஸ் முப்பதுக்கு எங்க போறது, புள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள நின்னுக்கினா கொக்கு எண்ணப் போவுது?" என்று அம்மா கேட்டார். தாங்குற சக்தி மேலே இருந்தால் தப்பில்லை என்று பதில் வந்தது.

சித்தூர்க் கடைகளில் பால் பண்ணைக்குப் போடும் கறுப்பு ரப்பர் பூட்ஸ்தான் கிடைத்தது. நைனா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஊசி இறங்கும் என்று நிராகரித்தார். பிறகு இருவரும் பஸ் ஏறித் திருப்பதி போனோம். அலிபிரி போகும் சாலையில் ஒரு பெரிய கடை. மாமா, அந்த ஊரில் மலை ஏற வருகிறவர்கள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுகிறவர்கள். அங்கே போய், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில் நைனா கேட்டார்: "வேட்டைக்குப் போட்டுக்கினு போற பூட்ஸ் இருக்குதாங்க?" பக்கத்தில் தன் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாகத் திரும்பினார். சாதாரணச் சட்டையில்தான் இருந்தார். வனத்துறையில் வேலை என்றும் பெயர் பவன்குமார் என்றும் சொல்லிவிட்டு, என்ன வேட்டை சார் என்று தெலுங்கில் மிக மரியாதையாகக் கேட்டார். நைனா பயப்படவில்லை. பெரிய மிருகம் எதுவும் இல்லை, வெறும் பறவைகள்தான், வாத்து, நாரை, கிடைத்தால் கொக்கு, என் மகள்தான் போகிறாள், நான் கரையில் நிற்பேன் என்று விளக்கமாக ஒப்புக்கொண்டார். நான் பையிலிருந்த வேலை உத்தரவை எடுத்து நீட்டி, எண்ணுவதற்கு, எண்ணுவதற்கு என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

அவர் அதை வாசித்துச் சிரித்ததோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பவன்குமாருக்கும் பல வருஷமாக இப்படி ஒரு பூட்ஸ்மேல் ஆசையாம். அவரும் அதே வெள்ளைக்காரரைப் பார்க்கிறவராம். அவ்வளவுதான், இரண்டு பேரும் கடைத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பூட்ஸாக வளைத்தார்கள், முகர்ந்தார்கள், அடித்தட்டை நகத்தால் தட்டினார்கள். அந்தச் சிறுமியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டோம். கடைசியில் கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெட்டியைத் தூசு தட்டிக் கொண்டுவந்தார். பெங்களூர்க்காரர் ஒருவர் சொல்லி வரவழைத்துவிட்டு வாங்க வராமலே போய்விட்டாராம். முழங்கால் வரை தோல், அடி முதல் உச்சி வரை கொக்கி, கொக்கியெல்லாம் கயிறு. என் காலைவிடப் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று பவன்குமார் தீர்ப்புச் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. என் கால் மட்டும் பரிசீலனையில் கலந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் நைனா தரப் பரிசோதனை செய்தார். குளியலறையில் பூட்ஸை நிற்க வைத்து, ஒரு வாளித் தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டு வந்து படுத்தார். காலையில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "நேத்து ஊத்தன தண்ணி. ஒரு சொட்டு வெளிய வந்துக்கினு இருக்குதா பாரு." அம்மா குனிந்து பார்த்துவிட்டு, அதற்கு ஒரு குடம் வாங்கி வந்திருக்கலாமே என்றார். மைனஸ் முப்பது பஞ்சு குடித்த தண்ணீர் காய்வதற்குள் எதிர்வீட்டு வரலட்சுமி அம்மாவிடமிருந்து முடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. பூட்ஸுக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டு அம்மா எனக்கு என்று சொல்லிவிட்டார். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெருவில் பேச்சு. மறுநாள் நான் பூட்ஸைப் பழக்குவதற்காகத் தெருவில் நடந்தபோது, வரலட்சுமி அம்மா வாசலில் நின்று, மாப்பிள்ளை போலீஸா என்று கேட்டார்.

இனிமேல்தான் முக்கியமான இடம். போன சனிக்கிழமை கார்வேட்டிநகரம் பக்கத்து ஏரியில் எங்களுக்குப் பயிற்சி. நைனாவும் குடை, பிளாஸ்க் சகிதம் வந்தார். எங்கள் குழுவை நடத்தும் பிரமிளா மேடம் பிளாஸ்டிக் செருப்போடு வந்திருந்தார், என் காலைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஏரிக்குப் போக வரப்பு வழிதான். முதல் கழனியிலேயே நிலத்துக்காரர் செங்கல்வராயன் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"பூட்ஸ கழட்டிட்டு எறங்கும்மா. கதிரு வந்துட்ச்சி."

கதிர் வந்த கழனியில் அந்தப் பக்கம் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. நாம் டவுனிலேயே இருந்து மறந்துவிட்டோம். பாம்பு கீம்பு இருக்குமே என்று நைனா பரிதாபமாகச் சொல்லிப் பார்த்தார். "இருக்கும் சார். அதுவும் செருப்பு போட்டுக்கினா வருது?" என்றார் செங்கல்வராயன்.

கொக்கிகளை அவிழ்த்தோம். ஒரு காலுக்கு நான், இன்னொரு காலுக்கு நைனா. அவிழ்த்து முடிப்பதற்குள் நாங்கள் எண்ண வேண்டிய நத்தைகுத்தி நாரைகள் ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த ஏரிக்குப் போயின. கழனி தாண்டியதும் மறுபடி மாட்டினோம். பத்தடியில் கால்வாய். ஆழம் தெரியாமல் இறங்கினேன், தண்ணீர் பூட்ஸின் வாய் வழியாக உள்ளே போயிற்று. நைனாவின் பரிசோதனை பொய்க்கவில்லை, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. இரண்டு குடத்தில் நின்றுகொண்டு நடப்பதைப்போல நடந்து கரையேறி, கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு கெண்டைக் குஞ்சும் விழுந்தது. செங்கல்வராயன் அதை எடுத்து மரியாதையாகக் கால்வாயில் விட்டார். மறுபடி மாட்டினால் மதகு வந்தது, மதகில் கல்லாக ஓர் அம்மன், அங்கேயும் செருப்பு ஆகாது. அப்புறம் இன்னொரு கழனி. எங்கள் வெள்ளைக்காரர் குளிரைப் பற்றிப் பேசினார், சேற்றைப் பற்றிப் பேசினார், பல் எத்தனை என்று பேசினார். இத்தனை முறை கழற்ற வேண்டியிருக்குமே என்று பேசவில்லை. அவருடைய ஊரில் யாரும் அவரைக் கழற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மண்ணில் நனையாத பூட்ஸைவிட உடனே கழலும் பூட்ஸ்தான் தேவை என்பது எங்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் பைனாகுலர், அதற்கு இரண்டு பக்கமும் பூட்ஸ். வெறுங்காலோடு சேற்றில் இறங்கினேன். மாமா, விரல் இடுக்கில் அந்தச் சேறு ஏறும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்குக் குழுவிலேயே அதிகமாக எண்ணியது நான்தான். நிமிர்ந்து பார்த்தபோது ஏரிக்கரையில் குடையோடு நைனா நின்றிருந்தார். பறவைகளைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் சித்தூர் வந்து சேர்ந்தோம். வீட்டில் பூட்ஸைச் செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "போட்டுக்கினு போறதுன்னா போ. கழட்டிக்கினு போறதுன்னா வேணாம்." அவர் வாயிலிருந்து வேணாம் என்ற சொல்லை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. போட்டுக்கொண்டு போனால் கழனிக்காரர் விடமாட்டார். கழற்றிக்கொண்டு போனால் நைனா விடமாட்டார். நடுவில் என் வேலை வரப்பில் நிற்கிறது.

ஆகவே உதவி. போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, சபைக்கு நடந்து போகும் வழியில் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னீர்கள். அந்தப் படத்திலிருக்கும் பூட்ஸ் இரவல், வாத்தும் இரவல், படம் எடுத்த கையோடு இரண்டையும் நண்பரிடம் கொடுத்துவிட்டு, ஈரப்புல் ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே காரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றீர்களாம். அதை நைனாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். உங்களை நம்பித்தான் அவர் அந்த பூட்ஸை நம்புகிறார். போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அம்மாவும் கேட்பார், தெருவுக்கும் கொஞ்சம் கேட்கும். இருந்தாலும் உங்கள் மருமகளின் எதிர்காலத்துக்காக இந்தச் சிறிய அவமானத்தை ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். தயங்காமல், எதையும் குறைக்காமல், வாத்தையும் விடாமல் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கால்கள் எப்போதும் காய்ந்திருக்கவும் தும்மல் அண்டாதிருக்கவும் வேண்டிக்கொண்டு, உங்கள் ஆசீர்வாதத்தையும் போன் அழைப்பையும் எதிர்பார்க்கும்,

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
கேசியா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். இன்று காலையிலிருந்து பூட்ஸையும் நைனாவையும் காணோம். இப்போதுதான் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் உட்கார்ந்து, உச்சியிலிருந்து கணுக்கால் வரை தோலைப் பிளந்து, இரண்டு பூட்ஸிலும் பெட்டிக்கு வைக்கும் பெரிய ஜிப் வைத்துத் தைத்து வாங்கி வந்திருக்கிறார். "இழுத்தா கழண்டுடும். கழனியாண்ட கழட்டு, ஏறனதும் மாட்டு. நடுவுல மட்டும் நின்னுக்கினு இருக்காத" என்றார். 'ஆனா' வரவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. தண்ணீர் புகாதா என்று அம்மா கேட்டதற்கு நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு வாளி ஊற்றினார். ஜிப் வழியாக அத்தனையும் ஓடிப்போயிற்று. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா, சொட்டு தண்ணி நிக்கல. அதான் தரம்" என்றார். இன்னொன்று. உங்கள் பூட்ஸுக்கும் ஜிப் கிடையாதே, அந்தப் பிள்ளை எப்படிக் கழற்றுகிறானோ என்று கவலைப்பட்டு, ஜிப் வைத்துத் தர அதைப் பார்சலில் அனுப்பச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிடப் போகிறார். அந்தப் போன் இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: இரவல் என்று மட்டும் வாயைத் திறந்திருக்காதீர்கள், எப்படியாவது ஒரு ஜோடி வாங்கி அனுப்பிவிடுங்கள்.