தவிட்டுக்கு வாங்கின பேத்தி

ஐயா, செய்தது நீங்கள்தான். உங்கள் பேர் எங்களுக்குத் தெரியும், சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்குகிற எங்கள் வளவுக்குத் தார் ரோடு போடுகிறேன் என்று டிராக்டர் டிராக்டராக ஜல்லி கொண்டுவந்தீர்கள். ஊருக்குள் வருகிற ஒரே பாதையில், சரியாக மாதேஸ்வரன் ஊட்டுக்கு எதிரே, மலை மாதிரி கொட்டினீர்கள். மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றீர்கள். அப்புறம் நீங்களும் வரவில்லை, தாரும் வரவில்லை. ஜல்லியின்மேல் புல் முளைத்தது. புல்லின்மேல் பலாச்சக்கையும் கோழி இறகும் கிழிந்த செருப்பும் விழுந்தன. இன்றைக்கு அது ஊர்க் குப்பைமேடு. அந்த மேட்டால் மாதேஸ்வரன் ஊட்டில் இரண்டு குழந்தைகள் போயிருக்கின்றன. உட்கார்ந்து கேளுங்கள்.

மாதேஸ்வரனுக்குக் கௌரி ஒரே மகள். பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்கு வந்தாள். மூத்தது ஆடி மழையில் பிறந்தது. மூச்சு வாங்குகிறது என்று ஜீப்பை வரவழைத்தார்கள். மேட்டில் ஏறிய ஜீப் ஜல்லி சரிந்து, சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ஊரே தள்ளியது. ஜீப் நகர்வதற்குள் குழந்தை முந்திக்கொண்டது. இரண்டாவது தடவை ஜீப்காரர் மேட்டைப் பார்த்ததுமே அக்கட்டால், மேட்டுக்கு அந்தப் பக்கமே, நின்றுகொண்டார். குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியைத் திரும்ப மூடினார்.

இரண்டுக்கும் பேர் வைத்தவர் மாதேஸ்வரன்தான்.

மாதேஸ்வரன் யார் என்று ஏற்காட்டு மார்க்கெட்டில் கேளுங்கள். பலாப்பழத்தைத் தலையில் சுமந்து ஆரம்பித்த ஆள். இன்றைக்கு இந்தப் பக்கத்து மிளகும் ஆரஞ்சும் அவர் கை படாமல் மலை இறங்காது. படித்தது மூன்றாவது, அதிலும் பாதி நாள் அடி. மிச்சமெல்லாம் மார்க்கெட்டில் வாங்கின அடி. பஸ் டிக்கெட்டுக்குப் பேரம் பேசுவார். கோயிலில் விபூதி கொஞ்சம் கூடப் போடச் சொல்லிப் பேரம் பேசுவார். ஆனால் கையோடு கை தட்டிப் பேச்சை முடித்துவிட்டால், உலகம் தலைகீழானாலும் மாறமாட்டார். கையடித்தால் அடித்ததுதான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஊரே அவருக்குச் சரக்குப் போடுகிறது.

மூத்தது பிறப்பதற்கு முன்னாலேயே, பேத்திதான் என்று முடிவு கட்டி, பேர் வைக்கச் சேலத்தில் ஒரு பேர் ஜோசியரிடம் போனார். அங்கேயும் விடவில்லை. ஒரு பேருக்குச் சொன்ன விலையில் மூன்று பேரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முதல் பேர் ஆயுஷி. நீண்ட ஆயுள் உள்ளவள் என்று அர்த்தம். அவள் ஒரு ராத்திரிகூட இருக்கவில்லை. இரண்டாவது மோக்ஷிதா. “அப்படின்னா என்னங்கண்ணா?” என்று பக்கத்து ஊட்டுப் பிரிஸ்கில்லா கேட்டபோது, “மோட்சத்துக்குப் போறவ” என்று மார் நிமிர்த்திச் சொன்னார். அவளும் போனாள். இரண்டு செலவாகி, கையிருப்பில் ஒரு பேர்தான் மிச்சம்: ஹேமலதா.

மூன்றாவது தடவை மாதேஸ்வரன் மேட்டை நம்பவில்லை. முன்கூட்டியே ஏற்காட்டில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் பிடித்துக் கௌரியைத் தங்க வைத்தார். பெண் குழந்தை. சின்னது, ஆனால் நன்றாக அழுதது. சீசன் தொடங்கியதும் ரூம்காரர் காலி செய்யச் சொன்னார். தாயும் பிள்ளையும் ஊட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வந்தும் என்ன? கௌரி பிள்ளையைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். சுவரைப் பார்த்தபடி பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் அம்மாவிடம் நீட்டிவிடுவாள். “அது அழுவுது, அதை எடுத்துக்கம்மா” என்பாள். அதுதான். கண்ணு என்று கிடையாது, சாமி என்று கிடையாது.

“ஒரு பேரு சொல்லிக் கூப்புடு சாமி” என்று அம்மா பாப்பாத்தி கெஞ்சினாள்.

“கூப்புட்டா போயிரும்மா” என்றாள் கௌரி.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாத்தி புருஷனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் குப்பாயின்னு வெச்சுரலாமுங்க.”

மாதேஸ்வரன் குடித்த காப்பி மூக்கு வழியாக வந்தது. “என்ன சொன்னே?”

“குப்பாயி.”

“ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு அது பள்ளிக்கூடத்துல எந்திரிச்சு நின்னு, ‘குப்பாயி, உள்ளேன் டீச்சர்’னு சொல்லோணுமா?”

“சொல்லட்டுமுங்க. உள்ளேன்னு சொல்ல ஆளு இருந்தாப் போதும்.”

“ஹேமலதாடி! ஹேமம்னாத் தங்கம். லதான்னாக் கொடி. தங்கக்கொடி!”

“தங்கம்னாத் திருடன் வருவானுங்க. குப்பையை எவன் திருடுவான்?”

மாதேஸ்வரன் சத்தத்தைக் கூட்டினார். “அதெல்லாம் அந்தக் காலம்!”

“எங்க அம்மா கூடப்பொறந்த சின்னாயி குப்பாயியை நீங்களே பாத்திருக்கீங்க. அவங்களுக்கு முன்னாடி பொறந்தது மூணும் தங்கலை. குப்பையில போட்டு எடுத்து அந்தப் பேரை வெச்சாங்க. பல்லு பூராக் கொட்டியும் எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சாங்க. புருசனை அடக்கம் பண்ணி, ரெண்டு மகனை அடக்கம் பண்ணி, பொறவும் உக்காந்து வெத்தலை இடிச்சாங்க.”

“அந்தம்மாவை எமனே மறந்துட்டான்.”

“அதைத்தானுங்க நானும் கேக்கறேன்.”

இந்த மலையில் எந்த வளவுக்குப் போனாலும் ஒரு குப்பாயி இருப்பாள். இல்லாவிட்டால் ஒரு குப்பன் இருப்பான். டவுனுக்காரர்கள் அந்தப் பேரைக் கேட்டுச் சிரிப்பார்கள். அது அப்பன் ஆத்தாள் அறிவில்லாமல் வைத்த பேர் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு குப்பாயிக்கும் முன்னால், ஆசை ஆசையாய்ப் பேர் வைத்து மண்ணுக்குக் கொடுத்த இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. மாதேஸ்வரனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு ஆத்திரம்.

அவர் எழுந்து நின்று, தூணில் ஓங்கி அடித்துச் சபதம் போட்டார். “எம் உசிரு இருக்கற வரைக்கும் எம் பேத்தியைக் குப்பைன்னு கூப்புட ஒருத்தரையும் உடமாட்டேன்!”

“சரிங்க” என்றாள் பாப்பாத்தி.

அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பாப்பாத்தி சட்டென்று ‘சரிங்க’ சொன்ன ஒவ்வொரு தடவையும் நஷ்டம் மாதேஸ்வரனுக்குத்தான்.

“பேரு உங்க இஷ்டம். சடங்கை மட்டும் செஞ்சுக்கறனுங்க. பிள்ளையைக் குப்பையில போடறோம். பிரிஸ்கில்லா எடுத்துக்குவா. நாம தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கிக்கறோம்.”

“பிரிஸ்கில்லா எதுக்கு?”

“அவங்க கும்புடற சாமி வேற. அவங்க ஊட்டுல வாங்குன புள்ளையின்னா, நம்ம பக்கத்துக் கணக்குல வராதுங்க.”

“எமனுக்கு அப்படியெல்லாம் செக்‌ஷன் இருக்குதாக்கும்?”

“தாலுக்கா ஆபீசுலயே இருக்கறப்ப அங்க இருக்காதுங்களா?”

“என்ன கூத்து வேணா அடிங்க. பேரு நான்தான் வெப்பேன்.”

“உங்களைத் தவிர ஆரு வெப்பாங்க?” என்று சொல்லிக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் மூடுபனி விலகுவதற்குள் ஊரே மேட்டைச் சுற்றி நின்றது. எல்லாரும் மாதேஸ்வரனுக்கு மிளகும் பழமும் போடுகிறவர்கள். ஒரு முறத்தில் பழந்துணி விரித்து, அதில் பிள்ளையைப் போட்டு, மேட்டில் கொண்டுபோய் வைத்தாள் பாப்பாத்தி. கௌரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

பிரிஸ்கில்லா வந்தாள். அவள் புருஷன் மரியதாஸ் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர்; அவள் வாய்க்கு எஸ்டேட் மேனேஜரே பயப்படுவார். முறத்தோடு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அனாதையாக் கெடந்துச்சு. நான் எடுத்துட்டேன். இனி இது எங்கூட்டுப் புள்ள.”

சொல்லிக்கொடுத்தபடி மாதேஸ்வரன் முன்னால் வந்தார். “பிள்ளையைக் குடு தாயி. தவிடு தர்றேன்.”

“நாலு படிங்கண்ணா.”

அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கியிருக்கலாம். ஆனால் ‘நாலு’ என்ற சொல் காதில் விழுந்ததும் மாதேஸ்வரனின் உடம்புக்குள் என்னமோ ஏறிவிட்டது. தாத்தா விலகிப்போய் வியாபாரி வந்து நின்றார்.

“நாலு படியா? இந்தச் சரக்குக்கா? துணியை வெலக்கு, பார்க்கலாம்.”

“நல்லாப் பாருங்க.”

“மூக்கைப் பாரு, சப்பை. தலையில ஒரு மசிரு இருக்குதா? நெறம் என்னைவிடக் கறுப்பு. எடைன்னு பாத்தா, ஒரு பிஞ்சுப் பலாக்கூடத் தேறாது. சத்தம் மட்டும் பஸ்ஸு ஹாரனாட்டம். இதை எவன் வாங்குவான்? சும்மா குடுத்தாலும் யோசிக்கோணும்!”

கூட்டம் சிரித்தது. பாப்பாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்திப் பனி மூடின வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கேட்டுக்கோ, நல்லாக் கேட்டுக்கோ என்று யாரிடமோ சொல்வது மாதிரி.

“மூணு படி” என்றாள் பிரிஸ்கில்லா.

“அரைப் படி.”

“அரைப் படியா? அதை நீங்களே கரைச்சுக் குடிங்கண்ணா. புள்ள எங்கூட்டுல வளரட்டும்.” சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

மாதேஸ்வரன் அசையவில்லை. விற்கிறவர் நடந்தால் நடக்க விட வேண்டும், திரும்பிப் பார்ப்பார்கள். அது தொழில். ஆனால் பிரிஸ்கில்லா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஊட்டு வாசல்வரை போய்விட்டாள். உள்ளே ஒரு காலையும் வைத்தாள்.

“அப்பா!”

கௌரி. வாசலை விட்டு இறங்கி, செருப்பில்லாமல் ஈரத்தில் நின்றாள். “அப்பா, வாங்குங்கப்பா!”

மாதேஸ்வரன் கத்தினார். “நில்லு புள்ள! ஒரு படி! அதுக்கு மேல ஒரு குத்துத் தவிடு கெடையாது!”

பிரிஸ்கில்லா மெதுவாகத் திரும்பி வந்தாள். “ஒரு படிக்குக் கட்டுபடி ஆகாதுங்கண்ணா. ஆனாலும் உங்க மூஞ்சிக்காகத் தர்றேன். கொசுறு மட்டும் போடோணும்.”

கொசுறு! மார்க்கெட்டில் காய் வாங்கினால் மேலே ஒரு கொத்துக் கொத்தமல்லி கேட்பதில்லையா, அது. அதைக் கேட்டு இல்லை என்று சொல்கிற வியாபாரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. நாலு படியை ஒரு படியாக்கின சந்தோஷத்தில் மாதேஸ்வரனுக்குத் தலை கால் புரியவில்லை.

“கொசுறு என்ன வேணாலும் எடுத்துக்க! கையடி!”

பளார் என்று கையடித்தார்கள். அந்தச் சத்தத்தை ஊரே கேட்டது.

“என்ன கொசுறு தாயி? மிளகா, பலாவா?”

“பேருங்கண்ணா. இதுக்குப் பேரு நான்தான் வெப்பேன்.” அவர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையின் காதில் குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். “குப்பாயி! குப்பாயி! குப்பாயி!”

“செல்லாது!” என்று கத்தினார் மாதேஸ்வரன். “இது ஏமாத்து! செல்லாது!”

மிளகுக்கார வெங்கடாசலம் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். “ஏனுங்க மாதேஸ்வரா, ஒரு சந்தேகம். நான் உங்ககிட்டக் கையடிச்ச மறுநாளு மிளகு வெலை ஏறிப்போச்சு. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கன்னேன். கையடிச்சா அடிச்சதுதான்னீங்க. இப்ப இது செல்லாதுன்னா, அதுவும் செல்லாதுங்களா?”

ஊர் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. மாதேஸ்வரன் வாயைத் திறந்தார். மூடினார்.

அதற்குள் கௌரி வந்துவிட்டாள். “குடுங்கக்கா” என்று கையை நீட்டினாள். முறத்திலிருந்து பிள்ளையை எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதல் தடவையாக அதைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“ஏ குப்பாயி” என்று கூப்பிட்டாள்.

பிள்ளை போகவில்லை. கொட்டாவி விட்டது.

கௌரி அதை மாரோடு அணைத்துக்கொண்டு, “எங் குப்பாயி, எங் குப்பாயி” என்று சொல்லிக்கொண்டே ஊட்டுக்குள் போனாள். மாதேஸ்வரன் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு பெண்டாட்டி பக்கம் திரும்பினார். கோபத்தை எங்கேயாவது வைக்க வேண்டுமே.

“நிக்கறயே! போயித் தவிட்டைக் கொண்டா!”

பாப்பாத்தி முந்தானைக்குள்ளிருந்து படியை எடுத்து நீட்டினாள். தலை தட்டி அளந்த ஒரே ஒரு படி.

“ஒண்ணுதான் கொண்டாந்தியா? அவ நாலு படியில்ல கேட்டா?”

“நீங்க இருக்கறப்ப நாலு எதுக்குங்க?”

ஐயா, மாதேஸ்வரன் தோற்றது அவர் ஊட்டு விவகாரம். அதில் உங்களுக்கு வேலையில்லை. ஆனால் அவர் அப்புறம் ஆத்திரம் தாளாமல் அந்த மேட்டை எட்டி ஒரு உதை உதைத்தார். குப்பைக்கு அடியிலிருந்து உருண்டு வந்தது உங்கள் ஜல்லி. இரண்டு பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல உங்களால் ஆகாது, விடுங்கள். மூன்றாவது இருக்கிறாள். பேரைக் காட்டி நாங்கள் எத்தனை நாளைக்கு ஏமாற்றுவது? நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் குப்பாயி என்கிற பேரா அவளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும்? ஜீப்தான் ஏற வேண்டும். இதில் பேரமே கிடையாது. மழைக்கு முன்னால் வந்து மேட்டை அள்ளுங்கள். ரோட்டைப் போடுங்கள்.