நான்காம் சூளை செல்லுமா, செல்லாதா?

வீடு,
புதன்கிழமை காலை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் மண்பாண்டச் சூளைக்குள் வைத்தவை தவிர. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நேற்று சம்பவம் நடந்தபோது வீட்டின் பின்பக்கம் இருந்தவர்கள்: நான், உங்கள் தம்பி, மாடியில் குடியிருக்கும் தையல்காரர், அவர் மனைவி (கொடியில் கிடந்த படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு ஓடும் வரை மட்டும்), எங்கள் பூனை. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதக் காரணம், தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்ததாக உங்கள் தம்பி உங்களிடம் சொல்லக்கூடும். போனில் சொன்னால் அவர் நடுவில் புகுந்து பேசுவார். அதனால்தான் கடிதம்.

நம் ஒப்பந்தம் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது சூளையில் வெந்ததாக நான் நம்பிய கிண்ணத்தில் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நீங்கள் பேசிக்கொண்டே அதைப் பிடித்திருக்க, கிண்ணம் சேறாகக் கரைந்து உங்கள் மடியில் வழிந்த அன்று எழுதியது. "நான்காவது முறையும் செய்து வைத்ததில் ஒன்றுகூட முழுசாக வெளியே வரவில்லை என்றால் சூளையைப் பிரித்து, செங்கல்லைத் துணி துவைக்கிற இடத்துக்குத் தரை போடக் கொடுத்துவிட வேண்டியது." என் நோட்டில் அவர் கையெழுத்து, என் கையெழுத்து, சாட்சியாக உங்கள் கையெழுத்து. ஈரப் புடவையோடு போட்டதால் உங்களுடையது கொஞ்சம் கலைந்திருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது.

அக்கா, சூளையை எப்படி எரிக்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் நியாயம் புரியும். நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான், அதிலும் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. முதல் சூளையில் பக்கத்தில் அலாரம் கடிகாரம் வைத்தேன், சூட்டில் அதன் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, இப்போது எந்நேரமும் ஐந்தே காலைப் பார்த்து அழுகிற மாதிரி நிற்கிறது. சுவர்க் கடிகாரமோ பின்பக்கத்திலிருந்து தெரியாது. எழுந்து எழுந்து போய்ப் பார்த்ததில்தான் அடுத்த இரண்டு சூளைகளும் அணைந்து அணைந்து எரிந்தன. அதனால் இந்த முறை, நான் தினமும் காலையில் சொல்கிற பன்னிரண்டு வரிப் பிரார்த்தனையையே அளவாக வைத்துக்கொண்டேன். என் நிதானத்தில் சொன்னால் இரண்டு நிமிடம். ஒரு பிரார்த்தனைக்கு ஒரு கட்டை. தொண்ணூறு வரை மெல்லிய சுள்ளி, மண்ணுக்குள் இருக்கும் ஈரம் வலிக்காமல் வெளியேற வேண்டும். தொண்ணூறுக்கு மேல் பெரிய கட்டை. நூற்றெண்பதில் முடிவு. எல்லாம் நோட்டில் இருக்கிறது. உள்ளே வைத்த சாமானும் இருக்கிறது: கோப்பை நான்கு, கிண்ணம் மூன்று, பூச்சாடி இரண்டு, தட்டு ஒன்று, மூடி போட்ட உப்புச் சாடி ஒன்று, ஆக மொத்தம் பதினொன்று. மண் கணக்கில் மட்டும் இரண்டு பிடி குறைந்தது. பூனை மேல் சந்தேகம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அறுபத்தொன்றாவது பிரார்த்தனை முடிந்தபோது உங்கள் தம்பி வந்து நின்று, "காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லில படலை. மயங்கி உள்ளே விழுந்தா நீயும் சேர்ந்து வெந்துடுவே. போய்ச் சாப்பிட்டுட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து "நான் பாத்துக்கறேன்" என்று வந்தது இதோடு மூன்றாவது முறை. மனசு இளகிவிட்டது, அக்கா. நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்க இருபது நிமிடம் ஆனது. அதாவது பத்துப் பிரார்த்தனை. சாப்பிடும்போதே பின்னால் ஒரு சத்தம் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. மாடியில் தையல் மெஷின் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். தையல்காரர் கீழே நிற்கிறாரே என்பது தட்டைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. ஓடிப் போய்ப் பார்க்கிறேன், உங்கள் தம்பி நூற்று ஒன்றாவது பிரார்த்தனையில் இருக்கிறார்! சுள்ளி முழுவதும் காலி. பெரிய கட்டை பதினொன்று உள்ளே போயாயிற்று. புகைக்குழாய்க்கு மேலே ஒரு முழம் நெருப்பு. "என்னங்க இது!" என்று நான் அலறுவதற்குள் உள்ளே டப் என்றது. பிறகு டப் டப். பிறகு எண்ண முடியவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் எல்லோருமே பிரார்த்தனையை அப்படித்தான் சொல்வீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் இரண்டாவது வரியில் இருக்கும்போது நீங்கள் எல்லோரும் எழுந்து போய்ச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் அப்போது சூளை இல்லை, அதனால் நஷ்டம் இல்லை.

கேட்டதற்கு அவர் சொல்கிறார், "ஒரு வார்த்தை விட்டேனா? நீங்களே சொல்லுங்க டைலர் சார்." அந்த மனுஷனும், "விடலைம்மா, எல்லா வரியும் வந்துது. கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு வந்துது, அவ்வளவுதான்" என்கிறார். "தொண்ணூறு தாண்டினா பெரிய கட்டைன்னு நீதானே எழுதியிருக்கே? நான் நோட்டைத் தாண்டி ஒரு துரும்பு போட்டிருந்தா கேளு" என்றார் உங்கள் தம்பி. "நிதானமா சொல்லணும்னு தெரியாதா?" என்றேன். "நிதானமா சொன்னாத்தான் கடவுளுக்குக் காது கேக்குமா?" என்றார். பிரார்த்தனையைக் கடிகாரமாக்கியது என் தப்புதான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அது எனக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். செங்கல் அதில் வராது.

சாயங்காலம் சூடு கொஞ்சம் தணிந்ததும் மேலே கிடந்ததை இடுக்கியால் எடுத்துச் சாக்கில் பரப்பி ஒட்டிப் பார்த்தேன். வைத்தது பதினொன்று, உடைந்தது பதினொன்று. கணக்கு நேர். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு செங்கல்லை எண்ண ஆரம்பித்தார்.

என் வாதம் இதுதான். பாதியில் வேறொருவர் எரித்த சூளை என் சூளை ஆகாது. ஆகவே நான்காம் சூளை செல்லாது என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் செய்வதெல்லாம் அன்றன்றைக்கே தீர்ந்துபோகிறது, அக்கா. சமைத்தது தீர்கிறது, துவைத்தது அழுக்காகிறது, பெருக்கிய இடத்தில் மறுபடி தூசி. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிற ஒரு சாமானை என் கையால் செய்ய வேண்டும் என்று ஆசை. வேறு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடவுள் உங்களை நிதானமாகக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதிய வாதத்தைத் தயவுசெய்து அடித்துவிடவும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் சாம்பலை அள்ளிவிடலாம் என்று போனேன். அடியில், மூலையில், ஒரு கோப்பை. முழுசாக. தட்டினால் கணீர் என்கிறது. தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் என் மடியிலேயே வைத்திருந்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. என் கணக்கில் இல்லாத பன்னிரண்டாவது. வாய் கோணல், அடி ஒரு பக்கம் கனம், இரண்டு பிடி மண் அப்படியே அதில் இருக்கிறது. பூனையிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். கைப்பிடி மட்டும் ஒரு கோப்பைக்கு இருக்கவே கூடாத அளவுக்குப் பெரிது, நான்கு விரலும் நுழைகிறது. என் வலது கை ஆள்காட்டி விரல் மூன்று வருஷமாக மடங்காதது உங்களுக்குத் தெரியும். புத்தகத்துப் படத்தைப் பார்த்து நான் செய்த கோப்பை எதிலும் அது நுழைந்ததில்லை. இதில் நுழைகிறது. அவரிடம் காட்டினேன். "ஓ, அதுவா," என்று செய்தித்தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இந்தக் கடிதத்தை அதில் காப்பி குடித்துக்கொண்டுதான் முடிக்கிறேன்.

ஆகவே நான்காம் சூளை செல்லும். சூளை நிற்கும். ஆனால் இப்போது அவர், "பாத்தியா, வேகமா சொன்னதுதான் வெந்திருக்கு. அஞ்சாவது சூளைக்கு நான்தான் பிரார்த்தனை" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை பற்றவைக்க வேண்டும். யாருடைய வேகத்தில் சொல்வது என்று அதற்குள் உடனே பதில் போடவும்.